ஊறுகாய்க் கறையும் தவம் செய்யும் பூனையும்

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறையின் முன்னால் வந்து நிற்பவர்களின் கண் முதலில் யானைகள் மேல்தான் விழும். பெரிய யானையின் தந்தத்தை ஒட்டிக் கொஞ்சம் கீழே பார்த்தால் ஒரு பூனை தெரியும். பின்னங்கால்களில் நிமிர்ந்து, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி, மேலே ஒற்றைக் காலில் நிற்கும் தவசியைப் போலவே அதுவும் தவம் செய்கிறது. அதைச் சுற்றி எலிகள். 7-ஆம் நூற்றாண்டில் பல்லவச் சிற்பிகள் செதுக்கியது. பாரதத்தின் உத்தியோக பருவத்தில், தருமனைக் குத்திக்காட்டத் துரியோதனன் சொல்லியனுப்பும் போலித் தவசிப் பூனையின் கதை இது என்பார்கள். ருத்திராட்சப் பூனை என்று நாம் திட்டுவதும் இதன் இனத்தைத்தான்.

என் தங்கையின் பிள்ளைகள் இருவரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே அழைத்துப் போயிருந்தேன். செங்கல்பட்டில் பேருந்து ஏறித் திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் சுமார் 30 கிலோமீட்டர். மூத்தவனுக்கு ஐந்து வயது, இளையவளுக்கு மூன்று. பூனையைக் காட்டி, "இது என்ன பண்ணுது?" என்று கேட்டேன்.

"சாமி கும்பிடுது" என்றாள் சின்னவள்.

"இல்ல பெரிம்மா, அது சும்மா ஏமாத்துது. எலி கிட்ட வந்ததும் லபக்குனு புடிச்சிடும்" என்றான் பெரியவன்.

இவன் வாயைத் திறந்தால் பொய் என்று வீட்டில் எல்லோரும் அலுத்துக்கொண்டிருந்த சமயம் அது. அவன் அம்மாவும் அப்பாவும் காலையில் ரயிலேறிப் போனால் இரவு ஏழரைக்குத்தான் திரும்புவார்கள். பள்ளி விட்டதிலிருந்து அதுவரை இரண்டு பேரும் என் பொறுப்பு. கை கழுவாமலே கழுவிவிட்டேன் என்பான். தங்கையைக் கிள்ளிவிட்டு அவளாகவே அழுகிறாள் என்பான். மிஸ் இன்றைக்கு வீட்டுப்பாடமே கொடுக்கவில்லை என்பான். கேள்விமேல் கேள்வி கேட்டால் கையில் கிடைத்ததைத் தூக்கி எறிவான். அப்படிப்பட்டவன்தான் அந்தப் பூனையின் பொய்யை ஒரே பார்வையில் படித்துவிட்டான். பொய் சொல்லத் தெரியாத சின்னவளுக்கு அது பிடிபடவில்லை. இந்த இரண்டும் ஒரே திறமையின் இரண்டு முகங்கள் என்பதைத்தான் குழந்தை உளவியல் கடந்த நாற்பது ஆண்டுகளாகப் பலவிதமாகக் காட்டிவருகிறது.

1983-இல் ஹைன்ஸ் விம்மர், யோசப் பெர்னர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிள்ளைகளுக்கு ஒரு சின்னக் கதையை நடித்துக் காட்டினார்கள். மாக்ஸி என்ற பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அவன் இல்லாதபோது அம்மா அதை எடுத்து வேறொரு அலமாரியில் வைத்துவிடுகிறாள். திரும்பி வரும் மாக்ஸி சாக்லேட்டை எங்கே தேடுவான்? சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தைத்தான் மூன்று வயதுப் பிள்ளை காட்டும். தனக்குத் தெரிந்தது ஊருக்கெல்லாம் தெரியும் என்பது அந்த வயதின் கணக்கு. நான்கைத் தாண்டித்தான், மாக்ஸிக்கு விஷயம் தெரியாது, அவன் பழைய இடத்துக்கே போவான் என்று சொல்ல வருகிறது. இன்னொருவர் மனதில் இருப்பது என் மனதில் இருப்பதிலிருந்து வேறாக இருக்கலாம் என்ற அறிவு அது. பொய்க்கு விதை அதுவேதான். நான் செய்தது உனக்குத் தெரியாது என்று புரிந்த பிறகுதானே, நான் செய்யவில்லை என்று சொல்லத் தோன்றும்?

இதை நேராகவே சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். சியாவ் பான் டிங், காங் லீ முதலானோர் 2015-இல் வெளியிட்ட ஆய்வு சீனாவில் நடந்தது. மிட்டாயை ஒளித்துவைத்து விளையாடும் ஓர் ஆட்டம். எதிராளிக்குத் தவறான இடத்தைக் காட்டினால் மிட்டாய் தனக்கே கிடைக்கும். அப்படி ஏமாற்றத் தெரியாத மூன்று வயதுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் பிறர் மனதை யூகிக்கும் பயிற்சியைச் சில நாள்கள் கொடுத்தார்கள். யாரும் பொய் சொல்லக் கற்றுத்தரவில்லை. ஆனாலும் பயிற்சி பெற்றவர்கள் ஆட்டத்தில் ஏமாற்றத் தொடங்கினார்கள்.

ஆக, உங்கள் வீட்டுப் பிள்ளை முதல் பொய்யைச் சொன்ன நாளில் அதன் மூளையில் ஏதோ கெட்டுப்போய்விடவில்லை. ஒரு கதவு திறந்திருக்கிறது. இரக்கமும் அந்தக் கதவு வழியாகத்தான் வரும். அடுத்தவருக்கு வலிக்கும் என்று யூகிப்பதும், அடுத்தவருக்குத் தெரியாது என்று யூகிப்பதும் ஒரே அறிவின் வேலை.

சார்லஸ் டார்வின் தன் மூத்த மகன் வில்லியத்தைக் கைக்குழந்தையிலிருந்தே கவனித்துக் குறிப்பெடுத்து, 1877-இல் 'மைண்ட்' என்ற இதழில் கட்டுரையாக்கினார். பிள்ளைக்கு இரண்டே முக்கால் வயது ஆகுமுன் ஒருநாள், சாப்பாட்டு அறையிலிருந்து வந்தவனின் கண்களில் வழக்கமில்லாத பளபளப்பு. பொடித்த சர்க்கரையை எடுத்துத் தின்றிருந்தான். அவனை யாரும் எதற்கும் தண்டித்ததே இல்லை, ஆகவே அது பயமாக இருக்க முடியாது என்று டார்வின் குறித்துவைக்கிறார். இரண்டு வாரம் கழித்து அதே அறையிலிருந்து, மேலே கட்டியிருந்த துணியைப் பத்திரமாகச் சுருட்டிப் பிடித்தபடி வந்தான். என்னவென்று கேட்டால் ஒன்றுமில்லை என்றான், அப்பாவைப் போகச் சொல்லி விரட்டினான். பிரித்துப் பார்த்தால் ஊறுகாய்ச் சாற்றின் கறை. திட்டமிட்ட ஏமாற்று என்று எழுதிய டார்வின், நல்லுணர்வைத் தொட்டே வளர்க்கப்பட்ட அந்தப் பிள்ளை சீக்கிரமே ஒளிவுமறைவில்லாத, உண்மை பேசுகிற பிள்ளையாகிவிட்டான் என்றும் சேர்த்தே எழுதியிருக்கிறார். மேற்கோள் காட்டுபவர்கள் கறையோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியமாகப் படுகிறது.

டார்வின் வீட்டில் தற்செயலாக நடந்ததை 1989-இல் மைக்கேல் லூயிஸும் உடனிருந்த இருவரும் ஆய்வுக்கூடத்தில் நடத்திப் பார்த்தார்கள். மூன்று வயதை ஒட்டிய 33 பிள்ளைகள். முதுகுக்குப் பின்னால் ஒரு பொம்மையை வைத்து, "நான் வரும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் வெளியே போய்விடுவார். 29 பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தாயா என்று கேட்டபோது 11 பேர் ஆம் என்றார்கள், 11 பேர் இல்லை என்றார்கள், 7 பேர் வாயே திறக்கவில்லை. இந்தப் படப்பதிவைப் பெரியவர்களுக்குப் போட்டுக் காட்டினால், யார் பொய் சொன்னார் என்று முகத்தை வைத்து அவர்களால் பிரித்தறிய முடியவில்லை.

ஒரு பொய்யைச் சொல்வது எளிது, காப்பாற்றுவதுதான் கடினம். விக்டோரியா தல்வாரும் காங் லீயும் இதே சோதனையை 3 முதல் 7 வயதுவரை உள்ள பிள்ளைகளிடம் நடத்தி 2002-இல் எழுதினார்கள். பார்க்கவே இல்லை என்று சாதித்த பிள்ளையிடம் அடுத்த கேள்வி: "அப்போ அது என்ன பொம்மையா இருக்கும்?" சின்னப் பிள்ளைகளில் பெரும்பாலோர் பொம்மையின் பெயரைப் பளிச்சென்று சொல்லிவிட்டார்கள். ஆறு ஏழு வயதுக்காரர்களில் பாதிப் பேர் அளவில் தெரியாததுபோல் நடித்தார்கள். உண்மையை நினைவில் வைத்துக்கொண்டு, அது நாக்கில் வராமல் தடுத்து, புனைந்ததற்குப் பொருத்தமாக முகத்தையும் வைத்துக்கொள்ள நெற்றிப் பக்கத்து மூளை முதிர வேண்டும். "நான் உன் சிவப்புப் பென்சில எடுக்கவே இல்ல" என்று, பென்சில் காணோம் என்று மட்டும் சொன்ன நம்மிடம் வந்து சொல்லும் பிள்ளையின் மூளை இன்னும் அந்த வேலைக்குத் தயாராகவில்லை.

தமிழில் பொய்க்கு ஒற்றைச் சொல் போதவில்லை. புளுகு, கதை விடுவது, டபாய்ப்பது, கோள் மூட்டுவது, நடிப்பது என்று நம் வீட்டுப் பெண்கள் அழகாகப் பிரித்துவைத்திருக்கிறார்கள். கடலோரத்துப் பிள்ளை ஒன்று, ஆமை என்னோடு பேசியது என்றால் அது கதை விடுவது, விளையாட்டு. சிறுபிள்ளைகள் இந்த வேறுபாட்டையே வேறு மாதிரி எடைபோடுகிறார்கள் என்று 1932-இல் ஜீன் பியாஜே எழுதினார். பசுமாட்டளவு நாயைப் பார்த்தேன் என்று புளுகிய பையன், நல்ல மதிப்பெண் வாங்கினேன் என்று அம்மாவை ஏமாற்றிய பையனைவிடக் கெட்டவன் என்பது அவர்கள் தீர்ப்பு. உண்மையிலிருந்து எவ்வளவு தூரம் விலகியது என்பதுதான் அவர்கள் அளவுகோல். யாருக்குத் தீங்கு என்பதை வைத்து வாய்மையை அளக்கும் வள்ளுவரிடம் வந்துசேர அவர்களுக்கு இன்னும் சில ஆண்டுகள் வேண்டும். ஆகவே, புளுகுகிற நான்கு வயதுப் பிள்ளையை "பொய்யன்" என்று கூப்பிடுவது அறிவுக்கும் பொருந்தாது. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

அடித்தால் பொய் நிற்குமா? தல்வாரும் லீயும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்விக்கு நேர்ப் பதில். மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு தனியார் பள்ளிகள். ஒன்றில் பென்சிலை மறந்து வந்தாலும் அடி, கிள்ளு. மற்றதில் அடி கிடையாது. இரண்டிலும் 3, 4 வயதுப் பிள்ளைகளிடம் அதே பொம்மைச் சோதனை. அடிக்காத பள்ளியில் திரும்பிப் பார்த்தவர்களில் பாதியைச் சற்றுத் தாண்டிய அளவினரே பொய் சொன்னார்கள். அடிக்கும் பள்ளியில் ஏறத்தாழ எல்லோரும் சொன்னார்கள். அதோடு நிற்கவில்லை. அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்ளாமல் தப்பிப்பதிலும் அடிவாங்கும் பள்ளியின் பிள்ளைகளே கெட்டிக்காரர்கள். பிரம்பு அவர்களுக்கு உண்மையைக் கற்றுத்தரவில்லை, பொய்யில் தேர்ச்சி கொடுத்தது.

நம் நாட்டில் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு பள்ளியில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. சட்டத்துக்கு முரண்பட்ட பிள்ளைகளைப் பெரியவர்களிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும் என்று சென்னை மாகாணம் 1920-இலேயே குழந்தைகள் சட்டம் கொண்டுவந்தது. நாட்டிலேயே அதுதான் முதல். இவ்வளவு இருந்தும், 2022 டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டு அரசினர் கூர்நோக்கு இல்லத்தில், சில நாள்களுக்கு முன் திருட்டு வழக்கில் கொண்டுவரப்பட்ட 17 வயதுச் சிறுவன் இறந்துபோனான். அவனை அடித்ததாக இல்லத்தின் பணியாளர்கள் ஆறு பேர் கைது செய்யப்பட்டார்கள். அதன்பின் இத்தகைய இல்லங்களை ஆராய, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் ஆணையத்தை அரசு அமைத்தது. அந்தப் பையனும் யாரோ ஒருவரின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட பிள்ளைதான். தவறு செய்த பிள்ளையின் வாயிலிருந்து உண்மையை அடித்து வரவழைக்கலாம் என்ற எண்ணம் வீட்டுத் திண்ணையிலிருந்து அரசு இல்லம்வரை ஒரே எண்ணம்தான். என் ஊரில் நடந்தது என்பதால் அதைத் தாண்டி இந்தக் கட்டுரையை என்னால் எழுத முடியவில்லை.

அடிக்குப் பதிலாகக் கதை சொல்லித் திருத்தலாம் என்போம். அதிலும் எந்தக் கதை என்பது முக்கியம். லீ குழுவினர் 2014-இல் 268 பிள்ளைகளுக்குக் கதை சொல்லிவிட்டுப் பொம்மைச் சோதனை வைத்தார்கள். பொய் சொன்னால் மூக்கு நீளும் பினோக்கியோவும், நாம் 'புலி வருது' என்று சொல்லும் ஆட்டிடையன் கதையும் பொய்யைக் குறைக்கவே இல்லை. செர்ரி மரத்தை வெட்டியதை ஒப்புக்கொண்ட ஜார்ஜ் வாஷிங்டனை அப்பா பாராட்டும் கதை குறைத்தது. அதே கதையின் முடிவில் பாராட்டை எடுத்துவிட்டுத் தண்டனையைச் சேர்த்தால் அதன் பலனும் போய்விட்டது. நம்மிடம் வாஷிங்டன் வேண்டாம், காந்தி இருக்கிறார். பதினைந்து வயதில் அண்ணனின் காப்பிலிருந்து பொன்னைத் திருடி, மனம் தாங்காமல் கடிதமாக எழுதி அப்பாவிடம் கொடுத்ததைச் சத்திய சோதனையில் சொல்கிறார். அப்பா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. கண்ணீர் விட்டுக் கடிதத்தைக் கிழித்துப் போட்டார். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரத்துத் தெருக்கூத்தில் விடிய விடிய அரிச்சந்திரன் படும் பாட்டைப் பார்த்து அழுதவர்கள் நம் பாட்டிமார்கள். பெரியவர்களுக்கு அது பொருந்தும். ஐந்து வயதுப் பிள்ளையோ, உண்மை சொன்னால் சுடுகாடு காக்க வேண்டும் என்றுதான் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் என்று எனக்குப் பயம்.

இன்னொன்று, நமக்கே சங்கடமானது. வீட்டில் அதிகம் பொய் சொல்வது யார்? "அம்மா கடைக்குத்தான் போயிருக்கா, இதோ வந்துடுவா" என்று சொல்லிவிட்டுத் தங்கையைப் பின்வாசல் வழியாக ரயிலுக்கு அனுப்பியவள் நான். பூச்சாண்டி, போலீஸ், ஊசி எல்லாவற்றையும் கூப்பிட்டிருக்கிறேன். 2014-இல் சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் செல்சி ஹேய்ஸ், லெஸ்லி கார்வர் இருவரும் 186 பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம், பக்கத்து அறையில் ஒரு கிண்ணம் நிறைய மிட்டாய் இருக்கிறது என்று சொல்லி அழைத்துவந்து, அப்படி ஒன்றுமில்லை, சும்மா சொன்னேன் என்றார்கள். பிறகு வழக்கமான பொம்மைச் சோதனை. 5 வயதுக்கு மேற்பட்டவர்களில், ஏமாற்றப்படாத பிள்ளைகளில் சுமார் 60 விழுக்காட்டினர் திரும்பிப் பார்த்தார்கள், பார்த்தவர்களில் சுமார் 60 விழுக்காட்டினர் பொய் சொன்னார்கள். ஏமாற்றப்பட்டவர்களிடம் அது 80-ஐயும் 90-ஐயும் நெருங்கியது. ஒரே ஒரு மிட்டாய்ப் பொய்க்கு அவ்வளவு. இதைப் படித்த மறுநாளே, "அம்மா வேலைக்குப் போறா, ஏழரை மணி ரயில்ல வருவா" என்று சொல்லத் தொடங்கினேன். முதல் வாரம் வாசலில் ஒப்பாரி. இரண்டாம் வாரத்தில் குறைந்தது.

அழுகைக்கும் அடத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ஜெரால்ட் பாட்டர்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் குடும்பங்களின் வீட்டுக்கே ஆளனுப்பிப் பார்த்து எழுதியதை மாமல்லபுரம் கடற்கரையில் எந்த மாலையிலும் காணலாம். பிள்ளை குதிரைச் சவாரி கேட்கும். வேண்டாம் என்போம். சிணுங்கும், மணலில் புரளும். நாலு பேர் பார்க்கிறார்களே என்று ஏற்றிவிடுவோம். அழுகை நின்றது என்பதால் நமக்கு நிம்மதி, புரண்டால் கிடைக்கும் என்பதால் பிள்ளைக்குப் பாடம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பழக்கிவிட்டோம். ஒருநாள் கொடுத்து ஒருநாள் மறுத்தால் இன்னும் மோசம், எந்த நாள் கிடைக்கும் என்று தெரியாததால் தினமும் முயலும். கொடுப்பதானால் முதல் கேட்பிலேயே கொடுத்துவிடுவது நல்லது. மறுப்பதானால் கடைசிவரை, கத்தாமல்.

பொய்க்கு நாமே குழி தோண்டுகிற இடம் ஒன்று இருக்கிறது. தண்ணீர் கொட்டிக் கிடக்கிறது, சொட்டச் சொட்டச் சட்டையோடு பிள்ளை நிற்கிறது, "யாரு கொட்டினது?" என்று கேட்கிறோம். பதில் தெரிந்த கேள்வி. பிள்ளைக்கு அதில் இரண்டே வழி: அடியா, பொய்யா. "தண்ணி கொட்டியிருக்கு, துணிய எடுத்துட்டு வா, துடைக்கலாம்" என்றால் அங்கே பொய்க்கு வேலையே இல்லை. தெரியாத விஷயத்தைத்தான் கேட்டாக வேண்டும் என்றால், உண்மையைச் சொல்வேன் என்று முதலில் வாக்கு வாங்கிக்கொண்டு கேட்பது பலன் தருகிறது என்று சாட்சி சொல்லும் பிள்ளைகளை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள்.

"மூஞ்சியப் பாத்தாலே தெரியும்" என்பது நம் வீட்டு நீதிமன்றத்தின் சட்டம். தெரியாது. பொய்யையும் மெய்யையும் கேட்டுப் பிரித்தறிவதில் மனிதர்களின் சராசரி வெற்றி 54 விழுக்காடு என்று, பல நூறு சோதனைகளைத் தொகுத்து 2006-இல் சார்லஸ் பாண்டும் பெல்லா டிபாலோவும் கணக்கிட்டார்கள். காசு சுண்டுவதைவிடச் சற்றுத்தான் மேல். பாரதக் கதையில் பூனை மாட்டிக்கொண்டதும் முகத்தால் இல்லை. கனியும் கிழங்கும் தின்கிற தவசியின் எச்சத்தில் மயிர் எப்படி வந்தது என்று ஓர் எலி கேட்டது. தடயத்தைப் பார்த்த எலி அது.

இந்த 54 விழுக்காட்டை நான் சொல்லக் காரணம் வேறு. பொய்யன் என்று பெயர் வாங்கிய பிள்ளை ஒருநாள் வந்து, அந்த மாமா வீட்டுக்கு நான் போகமாட்டேன் என்று சொல்லும். வேன் டிரைவரைப் பிடிக்கவில்லை என்று சொல்லும். 'புலி வருது' கதையைச் சொல்லி வளர்த்த வீட்டில் அதை யாரும் காதில் வாங்க மாட்டார்கள். பிள்ளைக்குத் தீங்கு செய்ய நினைப்பவர்கள் தேடுவதும் சொன்னால் நம்பப்படாத பிள்ளையைத்தான். பத்துப் பொய் சொன்ன பிள்ளையின் பதினோராவது சொல்லையும் முதல் சொல்லாகக் கேட்க வேண்டும். 1098 என்ற இலவச எண் 24 மணி நேரமும் இருக்கிறது. திடீரென்று பொய்கள் பெருகி, தூக்கம் கெட்டு, படுக்கையை மீண்டும் நனைக்கத் தொடங்கினால் தண்டனையைப் பற்றி யோசிக்காதீர்கள், பயத்தைத் தேடுங்கள். ஏழெட்டு வயதுக்கு மேலும் திருட்டு, பிராணிகளை வதைப்பது, அடிதடி ஆகியவற்றோடு சேர்ந்து பொய் தொடர்ந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போகலாம். செங்கல்பட்டிலேயே இருக்கிறது. ஜுரத்துக்குப் போவதுபோல் போய் வரலாம்.

அன்று பூனையைப் பார்த்துவிட்டுக் கிருஷ்ணன் வெண்ணெய் உருண்டைக் கல்லுக்குப் போனோம். பிள்ளைகள் சரிவில் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். வாயெல்லாம் வெண்ணெயோடு, நான் தின்னவில்லை என்ற பிள்ளையைத்தான் நாம் தூக்கிக் கொஞ்சிக் கும்பிடுகிறோம் என்று எனக்கு அங்கே தோன்றியது.

மூன்று நாள் கழித்து ஒரு மாலை. அடுக்களையில் தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். பெரியவன் கதவோரம் வந்து நின்றான். சட்டையின் முன்பக்கத்தைச் சுருட்டிப் பிடித்திருந்தான்.

"பெரிம்மா, நீ கத்தலன்னா ஒண்ணு சொல்றேன்."

"கத்தல. சொல்லு."

"மாங்கா ஊறுகா பாட்டில் கீழ விழுந்துடுச்சு. அதுவா விழுல. நான்தான்."

கண்ணாடி இருக்கும், காலைப் பார்த்து வை என்று சொல்லிவிட்டு, கிரைண்டரை நிறுத்தி, துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் போனேன்.